மதிலுக்கு வெளியே போன பணம்

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று முதல் விடுதி 1794-ல் புரசைவாக்கத்தில் தொடங்கியது. அதை நடத்தியவர் வாலண்டைன் கனோலி என்ற அறுவை மருத்துவர். விடுதி அவருடையது, செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கனோலிக்குப் பிறகு ஃபிட்ஸ்ஜெரால்டு, அவருக்குப் பிறகு டால்டன் என்று விடுதி கைமாறியது. டால்டன் காலத்தில் அவர் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. மனநலத்துக்குப் பொதுப்பணம் செலவான கதை தென்னிந்தியாவில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பராமரிப்பது ஒருவரின் தொழில், பணம் கஜானாவிலிருந்து, கணக்கு தலைக்கு இவ்வளவு. தலையை எண்ண வேண்டுமானால் ஆள் ஒரு கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். அடுத்த இருநூறு ஆண்டு நிதிக் கணக்கை இந்தப் பழக்கமே வழிநடத்தியது.

1858-ல் வந்த பித்துச் சட்டங்கள் அரசே விடுதிகளைக் கட்டி நடத்த வழிசெய்தன. சென்னை மாகாண அரசு 1867-ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற 66½ ஏக்கர் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. 1871 மே 15 அன்று 145 நோயாளிகளோடு அங்கே புதிய விடுதி இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு கோழிக்கோட்டிலும் ஒன்று வந்தது. மாகாணத்தின் பித்தர் விடுதிகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அச்சிடப்பட்டது. சாப்பாடு, துணி, மருந்து, சிப்பந்திச் சம்பளம் என்று பத்தி பத்தியாகப் பிரித்து, ஆளுக்கு என்ன செலவு என்று அதில் கணக்குக் காட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் தோட்டத்திலும் தறியிலும் செய்த வேலையின் வரவும் கணக்கில் ஏறியது. அரிசிக்கு ஆன செலவை அணாக் கணக்கில் சொல்லும் அந்த அறிக்கைகளில், வெளியே போனவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள் என்பதற்குப் பத்தி கிடையாது.

1912-ன் இந்தியப் பித்துச் சட்டம் இந்த ஏற்பாட்டை இறுக்கியது. தெருவில் அலைபவரைப் போலீஸ் பிடித்து நீதிபதி முன் நிறுத்தலாம். நீதிபதியின் உத்தரவு இருந்தால் விடுதி ஏற்றுக்கொள்ளும். சொத்து உள்ளவரானால் பராமரிப்புச் செலவைச் சொத்திலிருந்து வசூலிக்கலாம். ஏழையானால் அரசு கொடுக்கும். சட்டம் நோயாளியைப் பார்த்ததெல்லாம் காவல், செலவு என்ற இரண்டு கண்ணால். விடுதி என்ற பெயர் 1922-ல் மருத்துவமனை என்று மாறியது, மதில் மாறவில்லை. தமிழில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகிச் சினிமா நகைச்சுவை வரை போய்ச் சேர்ந்ததில் அந்த மதிலுக்கும் பங்குண்டு.

விடுதலைக்கு முந்தைய கணக்கெடுப்பு, அரசு அமைத்த போர் (Bhore) சுகாதாரக் குழுவினுடையது. 1946-ல் வெளிவந்த அந்த அறிக்கைக்காக நாட்டின் மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டவர் ராஞ்சியிலிருந்த கர்னல் மூர் டெய்லர். அவர் கண்டது 19 மருத்துவமனைகள், 10,181 படுக்கைகள். நாற்பது கோடி மக்களுக்கு அது ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு படுக்கை. அதே காலத்தில் இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தது. பெரும்பாலான கட்டடங்கள் அடைத்துவைக்கக் கட்டப்பட்டவை, குணப்படுத்தக் கட்டப்பட்டவையல்ல என்பது டெய்லரின் மதிப்பீடு. குழு பரிந்துரைத்தபடி பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. அதுவே அங்கிருந்த மைசூர் அரசு மனநோய் மருத்துவமனையோடு இணைந்து 1974-ல் நிம்ஹான்ஸ் ஆனது.

போர் குழுவின் ஒப்பீட்டில் ஒரு பொறி இருந்தது. இங்கிலாந்தின் விகிதத்தை எட்டுவதுதான் இலக்கு என்றால் இந்தியா பதின்மூன்று லட்சம் படுக்கைகள் போட வேண்டும். எந்த நிதியமைச்சரும் அதைத் தொடமாட்டார். வேறு வழி இருப்பதை இரண்டு இடங்கள் சொல்லாமல் செய்துகாட்டின. அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யாசாகர் 1950களில் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். குடும்பம் கூடவே இருந்ததால் காவலாள் தேவை குறைந்தது, நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினார், திரும்பிய வீட்டுக்கு அவரைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தோடு சேர்ந்து தங்கும் முறையையே கையாண்டது. கீழ்ப்பாக்கத்தில் 1961-ல் பொறுப்பேற்ற சாரதா மேனன் புறநோயாளிப் பிரிவை வளர்த்தெடுத்தார். அதற்குள் குளோர்புரோமசின் போன்ற மருந்துகளும் வந்துவிட்டன. மாத்திரை வீட்டுக்குப் போகக்கூடியது, படுக்கை போகாது. நிதி ஒதுக்கும் முறைக்கு இந்த வேறுபாடு உறைக்க இன்னும் இருபது ஆண்டு பிடித்தது.

1975-ஐ ஒட்டி இரண்டு இடங்களில் சோதனை நடந்தது. பெங்களூருக்கு வெளியே சக்கலவாரா கிராமத்தில் நிம்ஹான்ஸ் ஒரு மையம் வைத்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனம் அரியானாவின் ராய்ப்பூர் ராணியில், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு ஒன்றின் பகுதியாக வேலை செய்தது, என்.என். விக் அதை வழிநடத்தினார். கேள்வி எளியது. மனநல மருத்துவர் இல்லாத கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரும் சில வாரப் பயிற்சியோடு தீவிர மனநோயையும் வலிப்பையும் கண்டுபிடித்து மருந்து கொடுக்க முடியுமா? முடியும் என்று இரண்டு இடங்களும் பதில் சொல்லின.

அந்தப் பதிலின் மேல் எழுந்தது தேசிய மனநலத் திட்டம். 1981-ல் டெல்லியில் வல்லுநர்கள் கூடி வரைவு எழுதினார்கள். 1982 ஆகஸ்டில் மத்திய சுகாதாரக் கவுன்சில் அதை ஏற்றது. வளரும் நாடுகளில் இப்படியொரு திட்டத்தை முதலில் வகுத்தவற்றுள் இந்தியாவும் ஒன்று என்ற பெருமை அடிக்கடி சொல்லப்படுவது. திட்டத்தோடு பணம் வரவில்லை என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1985-ல் தொடங்கிய ஏழாவது ஐந்தாண்டுத் திட்டத்தில்தான் 1 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஐந்தாண்டுக்கு, நாடு முழுமைக்கும் அந்த ஒரு கோடிதான்.

ஆவணத்தில் இருந்ததை நிலத்தில் நடத்திக்காட்டிய இடம் கர்நாடகத்தின் பெல்லாரி. நிம்ஹான்ஸும் மாநிலச் சுகாதாரத் துறையும் சேர்ந்து 1985 முதல் அந்த மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. தாலுகாவோ கிராமமோ போதாது, மாவட்டமே அலகு என்று முடிவு செய்தது முக்கியமானது. இந்திய நிர்வாகத்தில் சம்பளம், வண்டி, மருந்துக் கிட்டங்கி எல்லாம் மாவட்டத்தில்தான் வந்து சேர்கின்றன. மாவட்டத் தலைநகரில் ஒரு மனநல மருத்துவரும் சிறு குழுவும் இருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மருந்துகளைக் கையில் கொடுத்தார்கள். மனச்சிதைவுக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று, மருந்தால் வரும் கைநடுக்கத்துக்கு ஒன்று என்ற அளவில். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி.

பெல்லாரி சோதனையின் சிக்கனம் யாரையும் கவரக்கூடியது. புதிய கட்டடம் இல்லை. ஏற்கெனவே சம்பளம் வாங்கும் டாக்டர், ஏற்கெனவே ஊருக்குள் நடக்கும் பணியாளர், ஏற்கெனவே இயங்கும் நிலையம். கூடுதல் செலவு மாத்திரைக்கும் பயிற்சிக்கும் குழுவின் வண்டிக்கும்தான். ஆனால் இதே சிக்கனம் பிறகு வினையாயிற்று. இருக்கிற ஆளை வைத்தே நடக்கும் என்று நிரூபித்த வேலைக்குப் புதிதாக நிரந்தரப் பணியிடம் கேட்டால் நிதித்துறை தராது. பெல்லாரியில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய நிறுவனம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டதன் விலை அந்தக் கணக்கில் வரவேயில்லை.

1996-97-ல் மத்திய அரசு பெல்லாரி முறையை நான்கு மாவட்டங்களுக்கு எடுத்துச் சென்றது: அசாமில் நாகாவன், ஆந்திரத்தில் மேடக், ராஜஸ்தானில் சீகர், தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி. மாவட்ட மனநலத் திட்டம் என்ற பெயரில் மதிலுக்கு வெளியே முறையாகப் பணம் போனது அப்போதிருந்துதான். மனநல மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர், செவிலியர், பதிவேடு எழுத ஒருவர் என்று ஒரு குழு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பத்துப் படுக்கை. குறிப்பிட்ட நாள்களில் குழு வண்டியேறித் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்.

திருச்சி மாவட்டத்துக்கு மனநோயோடு பழைய தொடர்பு உண்டு. காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நோயாளியோடு தங்கிப் பூசைநேரத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறுவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். மாவட்டத்தில் குடும்பங்கள் மனநோய்க்கு உதவி தேடிப் போன இடங்களுள் அதுவும் ஒன்று. அரசு வழியோ சென்னைக்கான ரயிலாக இருந்தது. கூடவே போகும் ஆளின் கூலி போயிற்று, சாப்பாடு, தங்குமிடம், மறுமாதம் மருந்துக்கு மறுபடியும் பயணம். அரசின் செலவுக் கணக்கில் ஏறாத இந்தச் செலவைத்தான் மாவட்டத் திட்டம் முதலில் குறைத்தது. குறிப்பிட்ட கிழமையில் தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் குழு வரும். ஒரு மாத மாத்திரையோடு மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். தமிழ்நாட்டில் 1994-ல் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிட்டங்கிகளுக்கு அனுப்பிவந்தது இதற்குக் கைகொடுத்தது. வேறு பல மாநிலங்களில் குழு இருந்தும் மருந்து தீர்ந்துபோவது வழக்கமாயிருந்தது.

பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்பதில்தான் கதையின் முடிச்சு. அந்நாளில் அரசுச் செலவு இரண்டாகப் பிரிந்திருந்தது: திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு. கீழ்ப்பாக்கம் போன்ற மருத்துவமனைகளின் சம்பளமும் சாப்பாடும் திட்டம் சாராச் செலவு. ஆட்சி மாறினாலும் ஆண்டுதோறும் தானாக வரும். மாவட்ட மனநலத் திட்டமோ திட்டச் செலவு. மத்திய அரசு ஐந்தாண்டுக்கு முழுப்பணமும் தரும், அதன்பின் மாநிலம் தன் செலவில் தொடர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே ஊழியர்கள் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தத்துக்கு எடுக்கப்பட்டார்கள். நான்காம் ஆண்டிலேயே உளவியலர் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போகாததால் அடுத்த தவணை வராது. தவணை வராததால் ஆளெடுக்க முடியாது. ஆளில்லாததால் இருக்கிற பணமும் செலவாகாது. மார்ச் மாதம் மிச்சத்தைச் சரண்டர் செய்வார்கள். அடுத்த ஆண்டு, போன வருஷமே செலவழிக்கவில்லையே என்று ஒதுக்கீடு குறையும். மனநோய்க்கு இந்தியாவில் பணமில்லை என்பது பாதி உண்மை. வந்த பணம் நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனது மறுபாதி.

ஒன்பதாவது திட்டக் காலத்தில் 28 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 2002-க்குள் 27 மாவட்டங்கள் சேர்ந்தன. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தனர். ஏர்வாடி தர்காவை நாடிப் பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் நோயாளிகளைக் கொண்டுவந்து விடுவது பழைய வழக்கம். அவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருக்கும் கொட்டகைகள் தர்காவைச் சுற்றி முளைத்திருந்தன. 1987-ல் இயற்றி 1993-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்தின்படி அவற்றுக்கு உரிமம் வேண்டும்; வாங்கியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். கட்டணம் கொடுத்துச் சங்கிலியில் விட்டுப்போன குடும்பங்களைக் குற்றம் சொல்வது சுலபம். அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் மாதம் ஒருமுறை மாத்திரை கிடைக்கும் இடம் எதுவும் இல்லாதவர்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரியில் மாவட்டவாரியாகக் காப்பகங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றது. அதற்குமுன், 1999-ல், தேசிய மனித உரிமை ஆணையம் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து, அவற்றில் 38 விழுக்காடு இன்னமும் சிறையமைப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில் பத்தாவது திட்டம் பணத்தைக் கூட்டியது, மாவட்டங்களை நூறுக்கு மேல் உயர்த்தியது. கூடவே 2003-ல் திட்டத்தை மாற்றியமைத்தபோது மனநல மருத்துவமனைகளை நவீனமாக்கத் தலா 3 கோடி வரை, மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளுக்குத் தலா 50 லட்சம் வரை என்று புதிய பிரிவுகள் சேர்ந்தன. சிறைபோன்ற கட்டடங்களைச் செப்பனிடுவது அவசியம்தான். ஆனால் ஏர்வாடியில் செத்தவர்கள் மருத்துவமனைக் கட்டடம் பழுதானதால் சாகவில்லை. ஊர்ப்பக்கத்தில் சிகிச்சை இல்லாததன் விளைவாக நேர்ந்த சாவுக்குப் பதிலாக வந்த பணத்தில் கணிசமான பங்கு மறுபடியும் சுவருக்குள் போனது.

2009-ல் மனிதவளத் திட்டம் வந்தது. மனநல மருத்துவர், உளவியலர், செவிலியர் பற்றாக்குறையே முட்டுக்கட்டை என்று உணர்ந்து, உயர்சிறப்பு மையம் ஒன்றுக்கு 30 கோடி வரை கொடுத்தார்கள். நோக்கம் சரி. அப்படி உருவானவர்களை மாவட்டக் குழுக்கள் தொகுப்பூதியத்தில் பிடித்துவைக்க முடியவில்லை. பன்னிரண்டாவது திட்டத்தில் மாவட்டம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்ட மக்கள்தொகை 27 லட்சத்துக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு மூன்று ரூபாய்ச் சொச்சம். முழுத்தொகையும் வந்து முழுத்தொகையும் செலவானால் இந்தக் கணக்கு.

இதற்கிடையில் திட்டம் தேசிய சுகாதார இயக்கத்துக்குள் சேர்ந்தது. முழுச் செலவையும் மத்திய அரசு ஏற்ற காலம் போய், பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 என்ற பங்கு வந்தது. ஐந்தாண்டோடு பணம் நின்றுபோகும் கவலை ஓரளவு தீர்ந்தது. ஆண்டுதோறும் மாநிலம் தன் செயல்திட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும்; கேட்கத் தெரிந்த மாநிலம் வாங்கிக்கொண்டது. தமிழ்நாடு திட்டத்தை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோயிற்று. 2018 முதல் தெருவில் அலைபவர்களை மீட்டுச் சிகிச்சை தந்து ஊர்சேர்க்கும் சிறு மையங்களை மாவட்டங்களில் தொடங்கியது. ஏர்வாடி தர்காவிலேயே மருத்துவக் குழு உட்காரத் தொடங்கியது. துவா ஓதி முடித்தவர் நாலடி நடந்தால் மாத்திரையும் வாங்கலாம். நம்பிக்கையோடு சண்டை போடாமல் அதன் பக்கத்திலேயே மேசை போட்ட இந்த ஏற்பாடு, நாற்பதாண்டு விழிப்புணர்வுப் பலகைகளைவிடப் புத்திசாலித்தனமானது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணம் பெறும் சேவையில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18-ம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு இலவசம். மாவட்டத்தில் குறைந்தபட்சச் சேவை இல்லையென்றால் அந்த மாவட்டத்திலேயே வேறிடத்தில் சிகிச்சை பெற்று, செலவை அரசிடம் கேட்கலாம். 1912-ன் சட்டம் நோயாளியின் சொத்திலிருந்து அரசு வசூலிப்பதைப் பற்றிப் பேசியது. 2017-ன் சட்டம் அரசிடமிருந்து நோயாளி வசூலிப்பதைப் பற்றிப் பேசுகிறது. நூறு ஆண்டில் சட்டத்தின் முகம் நேரெதிராகத் திரும்பிவிட்டது. பணம் அதே வேகத்தில் திரும்பவில்லை. அந்தச் சட்டம் வந்த அடுத்த ஆண்டு, 2019-20-ல், தேசிய மனநலத் திட்டத்தின் மேல்நிலைப் பிரிவுக்கு 40 கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 5 கோடியாகக் குறைத்தார்கள். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை இல்லாமல் இருப்பதாகவும் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு தொலைபேசி வழி வந்தது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416, கட்டணமில்லை. 2023-24 நிதிநிலை அறிக்கையில் மத்திய சுகாதார அமைச்சகம் மனநலத்துக்கென்று நேரடியாகக் காட்டிய தொகை 919 கோடி: நிம்ஹான்ஸுக்கு 721 கோடி, தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கு 64 கோடி, டெலி மானஸுக்கு 134 கோடி. அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மறு ஆண்டு மொத்தம் 1,004 கோடியாக உயர்ந்தது. நிம்ஹான்ஸுக்கு 850 கோடி, தேஜ்பூருக்கு அதே 64 கோடி. தொலைபேசிச் சேவை 90 கோடிக்கு இறங்கியது. 767 மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அந்தப் பட்டியலில் தனி வரி இல்லை. அதன் பணம் தேசிய சுகாதார இயக்கத்தின் பெருந்தொகைக்குள், மற்ற நோய்களோடு கலந்து கிடக்கிறது.